விற்பனைக்கு: நன்கு வாசிக்கப்பட்ட ஒரு பழைய கிற்றார்



பழைய பொருள்களை விற்போர் வெளியிடும் அறிவித்தல்களை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். வாகனம் விற்பவர் 'குறைவாகவே ஓடியது' என்று எழுதுவார். தளபாடம் விற்பவர் 'புதியது போன்றது' என்பார். பயன்படுத்தப்பட்டமை ஒரு குறை. அதை இயன்றவரை சிறிதாக்கிக் காட்டுவதே விற்போரின் வழக்கம். ஆனால் பழைய கிற்றார் ஒன்றை விற்பவர் 'நன்கு வாசிக்கப்பட்டது' என்று துணிந்து எழுதுவார். மேற்பலகையில் கீறல்கள் உண்டு, கழுத்தின் பின்புறத்தில் மெருகு தேய்ந்து மரம் தெரிகிறது, மெட்டுகள் ஒருமுறை மாற்றப்பட்டுள்ளன என்பனவற்றையும் மறைக்காமல் சேர்ப்பார். அவற்றைப் படிக்கும் இசைஞர் பின்வாங்குவதில்லை. மாறாக, எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்பார்.

இந்த விந்தையை விளக்க ஒரு வரலாறு உண்டு. அதை இன்று எழுதுவதற்குக் காரணமும் உண்டு. எமது குடும்பங்கள் பலவற்றில், இந்நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் தந்தையர் வாங்கிய கிற்றார்கள் அலுமாரியின் மேலோ நிலக்கீழ் அறையிலோ கிடக்கின்றன. 'சுவாமி, அப்பாவின் கிற்றாரை விற்றுவிடலாமா?' என்று பிள்ளைகள் அவ்வப்போது கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறுவதிலும், அக்கருவி எத்தகையது என்பதை விளக்குவதே பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

இன்று உலகின் பெரும்பாலான கிற்றார்களின் வடிவத்துக்கு முன்மாதிரியாய் நிற்பது ஒரு புலம்பெயர் குடும்பத்தின் பட்டறை. கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1796ஆம் ஆண்டு ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியில், இசைக்கருவிகளுக்குப் பேர்பெற்ற மார்க்நொய்கிர்ஷன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தச்சர். தளபாடங்களோடு கிற்றார்களையும் செய்தவர். மகன் வியன்னா நகரில் தொழில் பயின்று ஊர் திரும்பியபோது அங்கே ஒரு வழக்கு மூண்டிருந்தது. கிற்றார் செய்யும் உரிமை தமக்கு மட்டுமே உரியது என்று வயலின் செய்வோரின் தொழிற்சங்கம் வாதாடியது. 'நாங்கள் கலைஞர்கள், தச்சர்களோ வெறும் தளபாட வினைஞர்கள்' என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். 1826இலும் மீண்டும் 1832இலும் இவ்வழக்கு எழுந்தது. தச்சர்களின் உரிமை பறிக்கப்படவில்லை. ஆயினும், பிறந்த ஊரில் தன் தொழிலுக்காக இடையறாது வாதாட வேண்டிய நிலையை மார்ட்டின் விரும்பவில்லை. 1833 நவம்பரில், தமது 37ஆவது வயதில், குடும்பத்தோடு நியூயோர்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

ஹட்சன் வீதியில் கடை ஒன்றைத் திறந்தார். கிற்றார் மட்டும் விற்று அங்கே வாழ முடியவில்லை. தந்திகள், பிற இசைக்கருவிகள், இசைத்தாள்கள் என எல்லாவற்றையும் விற்றார். நகர வாழ்வு அக்குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை. 1839ஆம் ஆண்டளவில், முன்னரே அங்கு சென்றிருந்த நண்பர் ஒருவரின் வழியைப் பின்பற்றி, பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தார். இந்த வரிகளைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு உங்கள் சொந்தக் கதை நினைவுக்கு வரும் என்று அறிவேன். முதலில் வந்திறங்கிய நகரம் ஒன்று, வேரூன்றிய ஊர் வேறொன்று. முன்னே போனவர் காட்டிய வழியில் பின்னே வந்தவர் செல்வது.

நாசரேத் 1740ஆம் ஆண்டில் மொராவிய சபையினர் நிறுவிய ஊர். இச்சபையினரைத் தமிழ்நாடும் அறியும். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து 'சகோதரர் தோட்டம்' எனப் பெயரிட்டுக் குடியிருப்பு அமைத்தவர்கள் இவர்களே. ஜேர்மன் மொழி பேசிய, வழிபாட்டில் வாத்திய இசைக்குப் பெருமதிப்பளித்த அச்சமூகத்தின் நடுவே மார்ட்டின் தம் பட்டறையை நிலைநிறுத்தினார். 1873இல் அவர் காலமானார். அந்நிறுவனம் இன்றும் அதே ஊரில், அதே குடும்பத்தின் உடைமையாக இயங்குகிறது.

அப்பட்டறை கண்டறிந்தது என்ன? கிற்றாரின் ஒலி பெரும்பாலும் அதன் மேற்பலகையிலிருந்து பிறக்கிறது. பலகை மெல்லியதாகவும் இலேசானதாகவும் இருந்தால் நன்கு அதிரும். ஆனால் தந்திகளின் இழுவிசை அதை வளைத்து உடைத்துவிடும். தடித்ததாக இருந்தால் உடையாது, ஆனால் ஊமையாகிவிடும். இந்த இரண்டுக்கும் இடையே வழி தேடிய மார்ட்டின் பட்டறையார் 1840களில், பலகையின் உட்புறத்தில் பெருக்கற் குறியைப் போல ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரு தாங்குசட்டங்களைப் பொருத்தத் தொடங்கினர். அக்காலக் கிற்றார்கள் குடல்தந்தி பூட்டியவை. அவற்றின் இழுவிசை குறைவு. எனவே இந்த அமைப்பின் முழுப்பயன் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. 1920களில் உருக்குத் தந்திகள் வழக்குக்கு வந்தன. ஆறு உருக்குத் தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்கும். வளர்ந்த ஆள் ஒருவரின் எடை அது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு பலகை அதை இரவுபகலாகத் தாங்கி நிற்கிறது. குறுக்குச் சட்ட அமைப்பு இல்லையேல் இது கைகூடியிராது.

1931ஆம் ஆண்டில் இந்நிறுவனம் தன் பெயரிலேயே பெரிய உடலமைப்புள்ள கிற்றார்களை வெளியிட்டது. 1906இல் கடலில் இறக்கப்பட்ட 'டிரெட்நோட்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரே அவ்வடிவத்துக்கு வழங்கியது. அவற்றுள் 'டி-28' என்னும் வகை புகழ்பெற்றது. பின்பலகையும் பக்கங்களும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம். மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். உட்சட்டங்களைச் செதுக்கி நடுவில் மெலிதாக்கியிருந்தனர். அதனால் பலகை தடையின்றி அதிர்ந்தது.

இங்கேதான் இவ்வரலாற்றின் முக்கிய திருப்பம் நிகழ்கிறது. இசைஞர்கள் மேலும் மேலும் தடித்த தந்திகளைப் பூட்டினார்கள். மேற்பலகைகள் புடைத்தன, திருத்த வேலைக்காகக் கருவிகள் திரும்பி வந்தன. 1944ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் ஒரு முடிவு எடுத்தது: சட்டங்களைச் செதுக்குவதை நிறுத்தி, அவற்றை முழுத் தடிப்போடு விடுவது. வணிக நோக்கில் அதைக் குறைகூற முடியாது. கருவிகள் உறுதியாயின. ஆனால் காலம் செல்லச் செல்ல இசைஞர்களின் காது வேறொன்றைச் சொல்லிற்று. 1960களில் அவர்கள் பழைய கிற்றார்களைத் தேடி அலையத் தொடங்கினர். போருக்கு முந்திய கருவிகளின் விலை ஏறிக்கொண்டே சென்றது. 1976இல் நிறுவனமே செதுக்கிய சட்டங்களுடன் 'எச்டி-28' என்னும் வகையை மீண்டும் வெளியிட்டது. உடையக்கூடும் என்ற அச்சத்தால் கைவிட்ட ஒலியைத் திரும்பப் பெற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மரத்தின் கதையும் ஒன்று உண்டு. பிரேசில் ரோஸ்வுட் அரிதாகியதால், 1969இல் மார்ட்டின் நிறுவனம் தன் வழக்கமான கிற்றார்களுக்கு இந்திய ரோஸ்வுட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. அது வேறெதுவுமன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், தமிழர் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கும் மரமே. தென்னிந்திய மலைக்காட்டு மரம் ஒன்று நாசரேத் பட்டறையில் வடிவம் பெற்று உலகெங்கும் ஒலிக்கிறது.

இனி, நன்கு வாசிக்கப்பட்ட ஒரு தனிக் கிற்றாரின் வாழ்வைப் பாருங்கள். 1935இல் செய்யப்பட்ட டி-28 ஒன்று, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளின் பின், கலிபோர்னியாவில் கிளாரன்ஸ் வைட் என்னும் இளைஞரின் கைக்கு வந்தது. வைட் பிறந்தது 1944இல். அவர்களுடைய குடும்பம் பிரெஞ்சுக் கனேடிய வழிவந்தது. அவர் அதை வாங்கியது சொற்ப விலைக்கு; ஏனெனில் அது நலிந்த நிலையில் இருந்தது. ஒலித்துளையின் விளிம்பு சிதைந்து, அது இயல்பிலும் அகலமாக்கப்பட்டிருந்தது. மூல விரற்பலகை போய், வேறு நிறுவனத்தின் விரற்பலகை அதன் இடத்தைப் பிடித்திருந்தது. சேகரிப்போர் எவரும் விரும்பாத கருவி. அக்கருவியைக் கொண்டுதான் வைட், புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டார் இசை வழியில் அதுவரை பின்னணித் தாளத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்த கிற்றாரை முன்னணியில் பாடும் வாத்தியமாக உயர்த்தினார்.

1960ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்சில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அந்தக் கிற்றாரை வியப்போடு பார்த்தான். பெயர் ரொனி ரைஸ். வைட் அதை அவனிடம் கொடுத்து வாசிக்கவும் விட்டார். பின்னர் 1960களின் நடுப்பகுதியில் அக்கருவி வைட்டின் கையை விட்டுப் போயிற்று. 1973 ஜூலையில், கச்சேரி முடிந்து கருவிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மது அருந்தியவர் ஓட்டி வந்த வாகனம் மோதி வைட் இறந்தார். வயது 29.

1975இல், இருபத்துநான்கு வயதான ரைஸ் அந்தக் கிற்றாரைத் தேடிக் கண்டுபிடித்தார். வாசிப்பாரின்றிக் கிடந்த அதை 550 டொலர் கொடுத்து வாங்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவருடைய இசைத்தட்டுகளில் ஒலித்தது அதுவே. 1993இல் புளோரிடாவில் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது கிற்றார் நீரில் மூழ்கியது. உலர்த்திச் செப்பனிட்டு மீண்டும் வாசித்தார். 1990களில் தொண்டை நோயால் அவர் பாடும் குரலை இழந்தார். கிற்றார் மட்டும் தொடர்ந்து ஒலித்தது. 2020ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று ரைஸ் காலமானார்.

இக்கதையில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி ஒன்று உண்டு. சிதைவால் அகன்றுபோன அந்த ஒலித்துளை, பிற்காலத்தில் ஒரு வடிவமைப்பாயிற்று. மார்ட்டின் நிறுவனம் உட்பட, பெயர்பெற்ற கிற்றார் பட்டறைகள் அகன்ற ஒலித்துளை கொண்ட கிற்றார்களை வேண்டுமென்றே செய்து விற்றன. ஒரு காலத்தில் விலையைக் குறைத்த குறை, அதை வாசித்த கைகளால் பெருமையாக மாறிற்று.

வில்லி நெல்சன் என்னும் அமெரிக்கப் பாடகரின் கிற்றாரும் இவ்வகையே. 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20; நைலோன் தந்திகளுக்கென மென்மையாகச் செய்யப்பட்டது. அதை அவர் மீட்டுதகட்டால் அறைந்து வாசித்து வாசித்து, ஒலித்துளைக்கு அருகே மேற்பலகையில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. வீடு தீப்பற்றியபோது உள்ளே ஓடி அதை மீட்டார். 1990இல் வரிப் பாக்கிக்காக அரசு அவருடைய உடைமைகளைக் கைப்பற்றியபோது, கிற்றார் மட்டும் ஏலத்துக்குப் போய்விடக் கூடாது என்று மகள் மூலம் அதை அகற்றி மறைத்தார். வரி விடயத்தில் நீங்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் எதை இழந்தால் தம் தொழிலே போய்விடும் என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

சந்தை இவற்றை எவ்வாறு மதிப்பிடுகிறது? அதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. முதலாவது, எவரும் தொடாத தன்மை. ஒரே ஆண்டில் செய்த இரு கிற்றார்களுள் பெட்டியை விட்டு வெளியே வராததற்கே கூடுதல் விலை. இரண்டாவது, புகழ்பெற்ற பெயர். 1959இல் செய்யப்பட்ட மார்ட்டின் கிற்றார் ஒன்று, கேர்ட் கோபேன் 1993இல் நியூயோர்க்கில் நிகழ்த்திய தொலைக்காட்சிக் கச்சேரியில் வாசித்தது என்பதற்காக, 2020 ஜூனில் 60 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. முதல் அளவுகோல் எந்தக் கையும் படாமைக்கு விலை கொடுக்கிறது. இரண்டாவது, ஒரேயொரு கைக்கு விலை கொடுக்கிறது. கருவி எப்படி ஒலிக்கிறது என்ற கேள்வி இரண்டிலும் முதலிடம் பெறவில்லை.

நன்கு வாசிக்கப்பட்ட, பெயர் அறியப்படாத ஒருவரின் கிற்றார் இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் வெளியே நிற்கிறது. அதனாலேயே இசைஞர் அதைத் தேடுகிறார். வாசிக்க வாசிக்க மரம் இசைவாகிறது என்பர் பலர். ஆய்வு முடிவுகள் இதில் ஒருமித்தவையல்ல. ஆனால் ஆய்வுகூடம் தேவைப்படாத காரணம் ஒன்று உண்டு. நன்றாக ஒலிக்காத கிற்றாரை எவரும் நாற்பது ஆண்டுகள் வாசிப்பதில்லை. அது சில மாதங்களில் பெட்டிக்குள் போய்விடும். பளபளப்புக் குறையாமல் அங்கேயே இருக்கும். மெருகு தேய்ந்த கிற்றார், ஆயிரக்கணக்கான மாலைவேளைகளில் ஒருவர் வேறெதையும் எடுக்காமல் அதையே எடுத்தார் என்பதற்குச் சாட்சி. தேய்மானம் ஒரு நற்சான்றிதழ். போலியாக எழுதுவதற்கு மிகவும் கடினமானது.

எமது வழிபாட்டு மரபிலும் கிற்றாருக்கு ஓர் இடம் உருவானது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழலோகனுக்கு உரிய மேன்மையைப் பேணியவாறே, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அதன்பின் வந்த தலைமுறையில், தாய்மொழித் திருப்பலியோடு கிற்றாரும் ஆலயங்களுக்குள் வந்தது. உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் கிடப்பது அந்தத் தலைமுறையின் கருவியாக இருக்கக்கூடும்.

ஆகவே, விற்க எண்ணுவோருக்குச் சில நடைமுறை அறிவுரைகள்.

முதலாவது, அழகுபடுத்துவதாக எண்ணிப் பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாகப் பூசாதீர்கள். வரலாறும் போகும், விலையும் பெருமளவு சரியும்.

இரண்டாவது, ஒலித்துளையின் வழியே உள்ளே பாருங்கள். நிறுவனப் பெயரும் தொடர் இலக்கமும் அங்கே இருக்கலாம். மார்ட்டின் கிற்றார்கள் 1898 முதல் தொடர் இலக்கம் பெற்றவை. அதைக்கொண்டு செய்த ஆண்டை அறியலாம்.

மூன்றாவது, தந்திகள் விரற்பலகையை விட்டு மிக உயர்ந்து நின்றால் கருவி பாழாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். நீண்டகால இழுவிசையால் கழுத்தின் சாய்வு மாறுவது இயல்பு. கைதேர்ந்த வினைஞர் கழுத்தைக் கழற்றிச் சரியான கோணத்தில் மீண்டும் பொருத்துவார். மெட்டுகள் தேய்வதும் அவ்வாறே. செருப்பின் அடித்தோல் போல மாற்றத்தக்கவை.

நான்காவது, குளிர்நாடுகளில் வாழும் நாம் மறக்கும் ஒன்று: குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை உலர்த்திவிடும், மரம் சுருங்கி வெடிக்கும். காற்றின் ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் வரை இருப்பது கிற்றாருக்கு நல்லது. சூடாக்கிக்கு அருகிலும் குளிர் மிகுந்த களஞ்சிய அறையிலும் வைக்காதீர்கள்.

ஐந்தாவது, பின்பலகை பிரேசில் ரோஸ்வுட் என்றால் அதை எல்லை கடந்து விற்பதற்குமுன் சட்டத்தை விசாரியுங்கள். 1992 முதல் அம்மரம் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. பழைய கிற்றார் என்றாலும் அனுமதிப் பத்திரம் தேவைப்படும்.

உண்மையைச் சொல்வதானால், எம்மவர் வீடுகளில் உள்ள பெரும்பாலான கிற்றார்கள் பெரும் விலை பெறுபவையல்ல. அக்காலத்தில் எம் கையில் இருந்த பணத்துக்கு வாங்கியவை, ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டவை. அதை அறிந்து ஏமாற்றமடைய வேண்டாம். அவற்றைத் தந்தையர் வாங்கியது இலாபத்துக்காக அல்ல.

விற்பது தவறா? இல்லை. மண்ணில் புதைத்த தாலந்தை ஆண்டவர் பாராட்டவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வாசிக்க ஆளில்லாத வீட்டில் இருபது ஆண்டுகள் கிடப்பதிலும், வாசிக்கத் துடிக்கும் ஓர் இளைஞரின் கையில் சேர்வது அக்கருவிக்கு நல்லது. ரைஸ் கொடுத்த 550 டொலர் அக்கிற்றாரை வைட்டின் நினைவிலிருந்து பிரிக்கவில்லை. அந்நினைவை இன்னும் ஒரு தலைமுறைக்கு எடுத்துச் சென்றது. ஆனால் விற்குமுன் குடும்பத்தார் அனைவரையும் கேளுங்கள். பேரப்பிள்ளை ஒருவர் வாயைத் திறந்து கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கலாம்.

இன்னும் ஒரு வேண்டுகோள். விற்றாலும் வைத்திருந்தாலும், ஒரு தாளை எடுத்து அதில் எழுதுங்கள்: இதை வாங்கியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த வேலைச் சம்பளத்தில், எங்கெங்கே வாசித்தார், அவர் விரும்பிய பாடல் எது. தெரிந்தவற்றை எழுதி, நாளைக் குறித்து, கிற்றார்ப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கீறல்கள் யாரோ ஒருவர் வாசித்தார் என்று மட்டுமே சொல்லும். அவர் யார் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். அதை அறிந்தவர்கள் எம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை